உஹதுப் போரைப் பதின்ம வயதினருக்குக் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில், கி.பி. 625 மார்ச்சில், மதீனாவுக்கு வடக்கே உஹது மலையடிவாரத்தில் மக்காவின் குறைஷிக் குலத்தாருக்கும் நபி (ஸல்) அவர்களின் தலைமையிலான முஸ்லிம்களுக்கும் இடையே நடந்ததே உஹதுப் போர். மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நடக்கும் மதரஸா வகுப்பில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஸீரா, அதாவது நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றுப் பாடம் எடுக்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் இந்தப் போருக்கு மட்டும் நான்கு வாரங்கள் ஒதுக்குகிறேன். பெற்றோரும், புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

பத்ரு வெற்றி இருக்கும்போது, இழப்பில் முடிந்த உஹதுக்கு ஏன் நான்கு வாரங்கள்?

உஹதுக்கு ஓராண்டுக்கு முன்பு நடந்த பத்ருப் போரில் சுமார் 313 முஸ்லிம்கள் குறைஷியர் ஏறத்தாழ ஆயிரம் பேரை வென்றார்கள். பிள்ளைகள் அந்தக் கதையை ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள். கேட்டு மகிழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். உஹதில் முஸ்லிம்கள் தரப்பில் 70 பேர் கொல்லப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்களின் முகத்தில் காயம் ஏற்பட்டது, பல் உடைந்தது, தலைக்கவசம் நொறுங்கியது. இதையெல்லாம் கேட்கும் பிள்ளை, 'ஏன் இப்படி ஆயிற்று?' என்று தானாகவே கேட்கிறது.

அந்தக் கேள்விக்குக் குர்ஆன் தந்த பதில் எந்தப் பூச்சும் இல்லாதது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 121-ஆம் வசனத்தில் தொடங்கி நீண்ட பகுதி இந்தப் போரைப் பற்றியே பேசுகிறது. அதில் 165-ஆம் வசனம், 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்டவர்களுக்கு, 'உங்களிடமிருந்தே வந்தது' என்ற கருத்தில் பதில் சொல்கிறது. தன்னைப் பின்பற்றியவர்களின் பிழையை வேதமே வெளிப்படையாகப் பேசி, அதை அவர்கள் தொழுகையிலும் ஓதிவர வேண்டும் என்று வைத்திருப்பது, தன் பிழையை மறைக்கக் கற்றுக்கொண்டிருக்கும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு வேறு எந்தப் பாடமும் தராத ஒன்றைத் தருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்த வயதில் தொடங்கலாம்?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தொடங்கலாம். அதற்கும் சிறிய பிள்ளைகளுக்கு மலை, வில்லாளிகள், கட்டளை மீறல் என்ற அளவில் சொன்னால் போதும். உடல்கள் சிதைக்கப்பட்ட செய்தியை அவர்களிடம் கொண்டு போக வேண்டாம்.

போருக்கு முந்திய காரணங்களை எவ்வளவு சொல்ல வேண்டும்?

நீண்ட வம்ச வரலாறு தேவையில்லை. மூன்று செய்திகள் தெளிவாகப் புரிந்திருந்தால் மேற்கொண்டு போகலாம். மக்காவில் பல ஆண்டுகள் துன்புறுத்தப்பட்ட ஒரு சிறு கூட்டம் வீடுவாசலை விட்டு மதீனாவுக்குப் பெயர்ந்தது. மக்காவின் வாழ்வே சிரியாவுக்குப் போய்வரும் வணிகக் கூட்டங்களை நம்பியிருந்தது. அந்தப் பாதை மதீனாவுக்கு அருகில் சென்றது. ஓராண்டுக்கு முன்பு பத்ரில் குறைஷியரின் தலைவர்கள் பலர் உட்பட 70 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். தந்தையை, மகனை, சகோதரனை இழந்த வீடுகள் பழிக்குப் பழி கேட்டன. பத்ருப் போரின்போது பிடிபடாமல் தப்பி வந்த வணிகக் கூட்டத்தின் இலாபத்தைப் படைச் செலவுக்கு ஒதுக்கி, அபூ ஸுஃப்யானின் தலைமையில் சுமார் 3,000 பேரும் 200 குதிரைகளும் 400 கிலோமீட்டருக்கும் மேலான வழியைக் கடந்து வந்தார்கள். எதிர்த்தரப்பினருக்கும் துக்கம் இருந்தது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் வஹ்ஷியின் கதையும் காலிதின் கதையும் பிள்ளைகளுக்குப் புரியாமல் போகும்.

ஊருக்குள் இருந்து போரிடுவதா, வெளியே போவதா என்ற ஆலோசனையை வகுப்பில் எப்படி நடத்துவது?

முடிவைச் சொல்லாமல் நிறுத்தி, வகுப்பையே ஆலோசனை சபையாக மாற்றுவது என் வழக்கம். மதீனாவின் வீடுகள் நெருக்கமாக இருந்தன. தெருவில் ஆண்கள் எதிர்கொள்ளலாம், கூரை மேலிருந்து மற்றவர்கள் கல்லெறியலாம். நபி (ஸல்) அவர்கள் ஊருக்குள் இருப்பதையே விரும்பினார்கள். பத்ரில் கலந்துகொள்ள வாய்ப்புக் கிடைக்காத இளைஞர்களோ, வெளியே போய் எதிர்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ஆண்டுதோறும் என் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் 'வெளியே போகலாம்' என்று கை தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். வெளியே போக வற்புறுத்தியவர்கள் யார் என்பதை அவர்கள் கை தூக்கிய பிறகே சொல்வேன்.

நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்குள் சென்று கவசம் அணிந்து வெளியே வந்தபோது, வற்புறுத்தியவர்கள் வருந்தி, 'தங்கள் விருப்பப்படியே செய்யலாம்' என்றார்கள். கவசம் அணிந்த ஒரு நபி, அல்லாஹ் தீர்ப்பளிக்கும் வரை அதைக் கழற்றுவது தகாது என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள். இந்த இடத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'அப்படியானால் ஆலோசனை கேட்டதே தவறா?' உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். போர் முடிந்த பிறகு இறங்கிய வசனம் ஒன்று அதற்குப் பதில் சொல்கிறது. அதைக் கீழே குறிப்பிட்டிருக்கிறேன்.

வகுப்பிலுள்ள பிள்ளைகளின் வயதுக்காரர்கள் யாரேனும் உஹதில் இருந்தார்களா?

இருந்தார்கள். நான்கு வாரங்களில் பிள்ளைகள் மிகவும் அமைதியாகக் கேட்கும் பகுதி இதுதான். வழியில் படையைப் பார்வையிட்ட நபி (ஸல்) அவர்கள், வயது போதாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் (ரலி), உஹது நாளில் தமக்குப் பதினான்கு வயது, அப்போது அனுமதி கிடைக்கவில்லை, அகழ்ப்போர் நாளில் பதினைந்து வயது, அப்போது அனுமதி கிடைத்தது என்று பிற்காலத்தில் சொன்னதை, நபிமொழித் தொகுப்பான புகாரி பதிவு செய்திருக்கிறது. இந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ், சிறுவனுக்கும் பெரியவனுக்கும் இடையிலான எல்லை இதுவே என்று தம் ஆளுநர்களுக்கு எழுதினார்.

பதினைந்து வயது நிரம்பிய ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) நல்ல வில்லாளி என்பதால் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அதைக் கண்ட ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி), மற்போரில் ராஃபிஉவைத் தம்மால் வீழ்த்த முடியும் என்று வாதிட்டு, வீழ்த்தியும் காட்டித் தாமும் சேர்ந்துகொண்டதாக ஸீரா நூல்கள் சொல்கின்றன. இதைச் சொன்னதும் வகுப்பின் பின்வரிசை நிமிர்ந்து உட்காரும். அதோடு நிறுத்திவிடாமல், திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்பதையும் சொல்லுங்கள். பின்னாளில் குர்ஆனை ஒரே ஏடாகத் தொகுக்கும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. போகாதே என்று தடுக்கப்பட்ட நாளும் ஒருவருடைய வாழ்க்கையில் மதிப்புள்ள நாளாகலாம் என்பது, 'உனக்கு இன்னும் வயசாகலை' என்று வீட்டில் தினமும் கேட்கும் பிள்ளைக்கு நன்றாகவே புரிகிறது.

களத்தின் அமைப்பைப் புரிய வைக்க எளிய வழி உண்டா?

நான் புளியங்கொட்டைகளைப் பயன்படுத்துகிறேன். தரையில் சாக்கட்டியால் கிழக்கு மேற்காக ஒரு நீளமான மலையை வரைந்து, அதற்குத் தெற்கே ஒரு சிறு குன்றைக் குறிக்க வேண்டும். அந்தக் குன்று அய்னைன். இன்று வில்லாளிகள் மலை என்று பெயர் பெற்றிருக்கிறது. ஒரு கொட்டைக்கு நூறு பேர் என்று கணக்கு. குறைஷியருக்கு முப்பது கொட்டைகள், மதீனாவிலிருந்து புறப்பட்டவர்களுக்குப் பத்து. பாதி வழியில் மதீனாவின் தலைவர்களில் ஒருவனான அப்துல்லாஹ் இப்னு உபை, ஊருக்குள்ளேயே இருக்கலாம் என்ற தன் யோசனையை ஏற்கவில்லை என்று குறை சொல்லிச் சுமார் 300 பேருடன் திரும்பிவிட்டான். ஒரு பிள்ளையை எழுந்து வந்து மூன்று கொட்டைகளை எடுத்துப்போகச் சொல்வேன். முப்பதுக்கு எதிரே ஏழு கொட்டைகள் கிடப்பதைப் பார்க்கும்போது, எண்களைச் சொல்லும்போது வராத மௌனம் வகுப்பில் வரும்.

முஸ்லிம்கள் உஹது மலையைத் தங்கள் முதுகுப்புறமாக வைத்து நின்றார்கள். குன்றின் பக்கமாகக் குதிரைப்படை சுற்றி வந்து பின்னாலிருந்து தாக்கலாம் என்பதுதான் அந்த அணிவகுப்பின் பலவீனம். அங்கே அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் 50 வில்லாளிகள் நிறுத்தப்பட்டார்கள். நூறுக்கு ஒரு கொட்டை என்றால் ஐம்பதுக்கு என்ன செய்வது? ஒரு கொட்டையைப் பாக்குவெட்டியால் பிளந்து, பாதியைக் குன்றின் மேல் வைப்பேன். அந்தப் போரின் போக்கே அந்த அரைக் கொட்டையை நம்பி இருந்தது.

வில்லாளிகள் ஏன் இறங்கினார்கள்? 'பேராசை' என்று சொன்னால் போதாதா?

போதாது. இந்தப் பாடம் முழுவதும் சரியாக அமைவதும் கெடுவதும் இந்த இடத்தில்தான்.

பறவைகள் எங்களைக் கொத்திச் செல்வதைக் கண்டாலும், நாங்கள் எதிரியை வென்று மிதித்துச் செல்வதைக் கண்டாலும், நான் ஆளனுப்பும் வரை இடத்தை விட்டு நகராதீர்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை, பராஉ இப்னு ஆஸிப் (ரலி) வழியாகப் புகாரி பதிவு செய்கிறது. வெற்றி, தோல்வி ஆகிய இரண்டையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக் கொடுத்த கட்டளை அது. போர் தொடங்கியதும் குறைஷியரின் அணி உடைந்தது. அவர்களுடைய கொடியை ஏந்தியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தார்கள். குன்றின் மேல் நின்றவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகவே தெரிந்தது. கீழே தோழர்கள் போர்ச்செல்வத்தைத் திரட்டுவதும் கண்ணில் பட்டது. தலைவர், 'நபியின் சொல்லை மறந்துவிட்டீர்களா?' என்று கேட்டும் பெரும்பாலோர் இறங்கினார்கள். அவரும் மிகச் சிலரும் மட்டும் இடத்தில் நின்றார்கள். அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத காலித் இப்னு வலீத் அந்த வெற்றிடத்தைக் கண்டு குதிரைப்படையைச் சுற்றிக் கொண்டுவந்தார். நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள், களம் தலைகீழானது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இந்த இடத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, 'உஸ்தாத், நானா இருந்தா நானும் இறங்கியிருப்பேன்' என்றான். வகுப்பு சிரித்தது; அவன் சிரிக்கவில்லை. அன்று அவன் சொன்னதைக் கண்டித்திருந்தால், அதற்குப் பிறகு யாரும் என்னிடம் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 'ஏன் இறங்கியிருப்பாய்?' என்று கேட்டேன். 'எல்லாரும் இறங்குறாங்க, சண்டையும் முடிஞ்சுபோச்சு, நான் மட்டும் அங்க நின்னு என்ன செய்யறது?' என்றான். வில்லாளிகளின் மனநிலையை அதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையிலும் நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவனுக்காகவே சொன்னேன். ஆலு இம்ரானின் 152-ஆம் வசனம் அந்த வில்லாளிகளின் தளர்ச்சியையும், கருத்து வேறுபாட்டையும், மாறு செய்ததையும், சிலர் உலகப் பொருளை விரும்பியதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, அதே வசனத்தில் அவர்களை மன்னித்துவிட்டதாகவும் சொல்கிறது. 159-ஆம் வசனம் நபி (ஸல்) அவர்களை நோக்கி, நீங்கள் கடுமையானவராகவும் வன்நெஞ்சராகவும் இருந்திருந்தால் அவர்கள் உங்களை விட்டு விலகிப் போயிருப்பார்கள், எனவே அவர்களைப் பொறுத்துக்கொண்டு, அவர்களுக்காகப் பாவமன்னிப்பு வேண்டி, காரியங்களில் அவர்களுடன் ஆலோசனை செய்யுங்கள் என்ற கருத்தில் பேசுகிறது. கரும்பலகையின் ஓரத்தில் காத்திருக்கும் கேள்விக்கான பதில் இங்கே கிடைக்கிறது. ஆலோசனைப்படி வெளியே போய் 70 பேரை இழந்த பிறகும், 'இனி அவர்களிடம் கேட்காதீர்கள்' என்ற கட்டளை வரவில்லை. 'கேளுங்கள்' என்ற கட்டளையே வந்தது.

எனவே, 'கட்டளைக்குக் கீழ்ப்படியாவிட்டால் இப்படித்தான் ஆகும்' என்ற ஒற்றை வரியோடு பாடத்தை முடிக்கும் ஆசிரியர்களிடம் நான் பணிவாக வேண்டுவது ஒன்று உண்டு. அந்த வரி பொய் அல்ல. ஆனால் குர்ஆன் அங்கே நிறுத்தவில்லை. பிள்ளைகளை அங்கே நிறுத்திவிடும் உரிமை நமக்கும் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் கொல்லப்பட்டதாகப் பரவிய வதந்தியை எப்படிப் பாடமாக்குவது?

குழப்பத்தின் நடுவே அந்தச் செய்தி பரவியது. சிலர் ஆயுதத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். அனஸ் இப்னு நள்ர் (ரலி), அவர் மரணித்ததற்காகவே நீங்களும் மரணியுங்கள் என்ற கருத்தில் சொல்லிவிட்டு முன்னே சென்றார். எண்பதுக்கும் மேற்பட்ட காயங்களோடு கிடந்த அவருடைய உடலை, விரல் நுனியைக் கொண்டே அவருடைய சகோதரியால் அடையாளம் காண முடிந்தது. கைப்பேசியில் வந்த செய்தியை விசாரிக்காமல் அனுப்பிவிடும் பழக்கத்தோடு பிள்ளைகளே இதை ஒப்பிட்டுக்கொள்வார்கள். நாம் எடுத்துக்கொடுக்கத் தேவையில்லை. தூதர் இறந்தாலும் கொல்லப்பட்டாலும் நீங்கள் புறமுதுகிட்டுத் திரும்பிவிடுவீர்களா என்று கேட்கும் 144-ஆம் வசனத்தை இந்த இடத்தில் ஓதிக் காட்டுங்கள். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு நபி (ஸல்) அவர்கள் உண்மையாகவே மறைந்த நாளில், அவர்களின் நெருங்கிய தோழரான அபூபக்ர் (ரலி) அவர்கள் நிலைகுலைந்து நின்ற மக்களிடம் ஓதிக் காட்டியதும் இதே வசனம்தான்.

ஹம்ஸா (ரலி) அவர்களின் மரணத்தை எந்த அளவுக்கு விவரிக்கலாம்?

ஹம்ஸா (ரலி) நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை. அவருடைய மரணத்தை மறைக்க வேண்டாம், விவரித்துச் சுவைக்கவும் வேண்டாம். ஜுபைர் இப்னு முத்இமின் அடிமையான வஹ்ஷி, ஹம்ஸாவைக் கொன்றால் விடுதலை என்ற வாக்குறுதியின் பேரில் ஒரு பாறையின் மறைவில் காத்திருந்து ஈட்டியை எறிந்ததை அவர் வாய்ச்சொல்லாகவே புகாரி தருகிறது. உடல்கள் சிதைக்கப்பட்டிருந்தன என்பதும் உறுதியான செய்திதான். அபூ ஸுஃப்யானே அதைச் சொல்லி, தான் கட்டளையிடவில்லை என்றும், அதற்காக வருந்தவும் இல்லை என்றும் கூறினார். அபூ ஸுஃப்யானின் மனைவி ஹிந்த், ஹம்ஸாவின் ஈரலை மென்றதாகப் பரவலாகச் சொல்லப்படும் கதை வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் வழியாக வருகிறது. அதன் அறிவிப்புத் தொடரில் ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்கள் குறை கண்டிருக்கிறார்கள். அந்தக் கதை புகாரியின் அறிவிப்பில் இல்லை. வகுப்பைப் பரபரப்பாக்குவதற்காக அதை எடுத்துச் சொல்வதை நான் விட்டு வெகுநாளாயிற்று.

வஹ்ஷி பின்னாளில் இஸ்லாத்தை ஏற்று வந்தார். அவரை ஏற்றுக்கொண்ட நபி (ஸல்) அவர்கள், தம் பார்வையில் படாமல் இருக்க முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். மன்னித்த பிறகும் வலி இருக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் இன்னொரு நிகழ்ச்சியை நான் அறியேன். ஆகவே 'மன்னித்துவிட்டால் எல்லாம் மறந்துபோக வேண்டும்' என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

பெண் பிள்ளைகள் கேட்கும்படியான செய்திகள் உண்டா?

நிறையவே உண்டு. ஆயிஷா (ரலி), உம்மு ஸுலைம் (ரலி) ஆகியோர் தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வந்து காயம்பட்டவர்களின் வாயில் ஊற்றினார்கள். தீர்ந்ததும் ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். உம்மு உமாரா நுஸைபா (ரலி), நபி (ஸல்) அவர்களைச் சுற்றி ஆட்கள் குறைந்த வேளையில் வாளேந்திக் காத்து நின்றார்கள். போர் ஓய்ந்ததும் ஃபாத்திமா (ரலி) தம் தந்தையான நபி (ஸல்) அவர்களின் காயத்தைக் கழுவினார்கள்; அலீ (ரலி) கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீர் பட்டு இரத்தம் கூடுவதைக் கண்டு, ஃபாத்திமா ஒரு பாயைத் துண்டாக்கி எரித்துச் சாம்பலை அப்பியதும் இரத்தம் நின்றது. இவற்றைப் பெண்களுக்கென்று தனிப் பாடமாக ஒதுக்காமல், நடந்த வரிசையிலேயே சொன்னால் போதும்.

உஹது வெற்றியா, தோல்வியா?

எழுபது உயிர்கள் போயின. அது பெரும் இழப்பு. குறைஷியர் மதீனாவுக்குள் நுழையவில்லை, மறுநாள் காயத்தோடு எழுந்த முஸ்லிம்கள் ஹம்ராஉல் அஸத் வரை அவர்களைத் தொடர்ந்து சென்றார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லுங்கள். இழப்பை வெற்றி என்று மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அன்று உயிரிழந்த முஸ்அப் இப்னு உமைர் (ரலி) மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்தவர். அவரை மூடக் கிடைத்த துணியால் தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, கால்களின் மேல் இத்கிர் புல்லைப் போட்டார்கள். இதைச் சொன்ன பிறகு வெற்றி தோல்விக் கணக்கை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

போர்க் கதைகள் பிள்ளைகளின் மனத்தில் பகைமையை வளர்த்துவிடாதா?

நியாயமான அச்சம் இது. பெற்றோர் பலர் தயங்கித் தயங்கி இதைக் கேட்கிறார்கள். சொல்லப்படும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. எதிரில் நின்றவர்களை முகமில்லாத கூட்டமாகக் காட்டினால் பகைமை வளரும். உஹதில் எதிரில் நின்றவர்கள் மாமன் மச்சான்கள், பழைய அண்டைவீட்டார். அன்று முஸ்லிம்களைப் பின்னாலிருந்து தாக்கிய காலித் ஐந்து ஆண்டுகளுக்குள் இஸ்லாத்தை ஏற்றார். அபூ ஸுஃப்யானும் ஹிந்தும் மக்கா வெற்றியின்போது ஏற்றார்கள். மதீனாவின் யூதரான முகைரீக் அன்று முஸ்லிம்கள் தரப்பில் நின்று உயிர்விட்டதையும் இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். இவர்களை விட்டுவிட்டு உஹதைச் சொன்னால், அது பாதி உஹதுதான். ஏழாம் நூற்றாண்டு அரேபியாவில் காவல்துறையோ நீதிமன்றமோ இல்லாத ஓர் ஊர் தன்னைக் காத்துக்கொள்ள நடத்திய போரையும், சட்டமும் அரசும் உள்ள நம் காலத்துத் தெருச்சண்டையையும் ஒன்றாக வைக்க முடியாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

நூலுக்கு நூல் எண்ணிக்கை மாறுகிறதே, எதைச் சொல்வது?

'சுமார்' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். புகாரி போன்ற ஹதீஸ் தொகுப்புகளிலிருந்து எடுத்தது எது, இப்னு இஸ்ஹாக், வாக்கிதீ போன்ற வரலாற்றாசிரியர்களிடமிருந்து எடுத்தது எது என்று பிரித்துச் சொல்லிப் பழகினால், இரண்டே வாரங்களில் பிள்ளைகள், 'இது எதில் வருது?' என்று நம்மையே கேட்கத் தொடங்குவார்கள்.

பாடத்தின் முடிவில் தேர்வு வைக்க வேண்டுமா?

ஆண்டு, இடம், பெயர்களுக்கு ஒரு சிறு தேர்வு போதும். அதற்குப் பிறகு நான் ஒரு தாளைக் கொடுத்து, குன்றிலிருந்து இறங்கி உயிர் தப்பிய ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் என்ன கேட்பாய் என்று எழுதச் சொல்கிறேன். நபித்தோழர்களின் வாயில் நாமாகச் சொற்களை வைப்பது தகாது என்பதால், பதிலை எழுதச் சொல்வதில்லை. 'பயமாக இருந்ததா?' என்று பலர் எழுதுவார்கள். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, 'அடுத்த முறை ஆலோசனைக்கு அழைத்தபோது நீங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள்?' என்று எழுதியிருந்தாள். அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்த வாரம் அகழ்ப்போர் பாடத்தைத் தொடங்கினேன்.